கணினி கேள்வி பதில்: நாஸ் பெட்டியில் பாதி இடம் காலி, ஆனாலும் நிரம்பிவிட்டது என்கிறது

கேள்வி: வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேர்த்து வைக்க, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சினொலஜி நாஸ் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். 2004 சுனாமியில் எங்கள் ஆல்பம் எல்லாம் போய்விட்டது. அதன் பிறகு சொந்தக்காரர் வீடுகளில் இருந்த படங்களை வாங்கி ஸ்கேன் பண்ணி இதில்தான் சேர்த்திருக்கிறேன். இடம் பாதிகூட நிரம்பவில்லை. ஒரு கிழமையாக பிரவுசரில் பாஸ்வேர்ட் அடித்தால் உள்ளே விடுவதில்லை. சிஸ்டம் பார்ட்டிஷனில் இடம் இல்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆனால் கொம்பியூட்டரில் நெட்வொர்க் டிரைவாகத் திறந்தால் படங்கள் தெரிகின்றன. கனடாவில் இருக்கும் மச்சான் பெரிய டிஸ்க் வாங்கிப் போடச் சொல்கிறார், கடைக்காரர் போர்மட் பண்ணினால் சரிவரும் என்கிறார். தம்பி எழுதித்தந்த ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சின்ன நிரல்) ஒன்று ஒவ்வொரு இரவும் யூஎஸ்பி டிஸ்க்குக்கு கொப்பி எடுக்கும். நான் என்ன செய்வது?
— வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, முதலில் கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள், போர்மட் பண்ணினால் படங்களும் அழிந்துவிடும். படங்கள் நெட்வொர்க்கில் திறக்கின்றன என்றால் அவை பத்திரமாக இருக்கின்றன. இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கை கொம்பியூட்டரில் குத்தி, நெட்வொர்க் டிரைவில் இருந்து எல்லாவற்றையும் அதற்கு இழுத்துப் போடுங்கள். இரவு முழுக்க ஓடினாலும் ஓடட்டும், அது முடியும் வரை பெட்டியில் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கின்றன. உங்கள் படங்கள் இருப்பது பெரிய இடத்தில். பெட்டியை ஓட்டும் மென்பொருள், அதன் அமைப்புகள், நடப்பதைக் குறித்து வைக்கும் லொக் கோப்புகள் இருப்பது சின்ன ஓர் அறையில். மின்னஞ்சல் சொன்ன சிஸ்டம் பார்ட்டிஷன் அதுதான், பழைய பெட்டிகளில் அது ஏறக்குறைய 2.4 ஜிகாபைட்தான், புதிதாக நிறுவியவற்றில் 8 ஜிகாபைட் அளவில் இருக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் இந்த அறையின் நகல் ஒன்று உண்டு. அதனால் மச்சான் சொன்னபடி பெரிய டிஸ்க் போட்டாலும் பெரிய இடம்தான் கூடும், சின்ன அறை அதே அளவில்தான் நிற்கும். அந்த அறை நிரம்பினால் நீங்கள் உள்ளே வந்ததைக் குறித்து வைக்கக்கூட பெட்டிக்கு இடமில்லை, அதனால்தான் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லை.

எதனால் நிரம்பியது? உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தின வரியைப் படித்ததுமே எனக்கு அந்த ஸ்கிரிப்டில்தான் சந்தேகம் வந்தது. யூஎஸ்பி டிஸ்க்கைக் குத்தியதும் பெட்டி அதை 'வால்யூம்யூஎஸ்பி1' என்ற போல்டரில் கொண்டுவந்து கட்டும், அதாவது டிஸ்க்கில் இருப்பதை அந்தப் போல்டருக்குள் காட்டும். கரண்ட் போய் வந்தபோது டிஸ்க் எழும்பாமல் விட்டாலோ, கல்லடி உப்புக்காற்றில் துருப்பிடித்த யூஎஸ்பி முனை சரியாகத் தொடாமல் விட்டாலோ அந்த இடத்தில் டிஸ்க் இருக்காது. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அதே பெயரில் போல்டரை உண்டாக்கி உங்கள் படங்களைக் கொட்டத் தொடங்கும், அவை போய் விழுவது அந்தச் சின்ன அறைக்குள். ஒரு கல்யாண வீட்டு வீடியோ போதும், விடிவதற்குள் அறை நிரம்பிவிடும். எனக்கும் இது நடந்திருக்கிறது, இரண்டு நாள் லொக் கோப்புகளையே துருவிக்கொண்டு இருந்தேன்.

இதில் இன்னொரு சிக்கல். இப்போது யூஎஸ்பி டிஸ்க் குத்தியிருந்தால், தவறி விழுந்த கோப்புகள் அதற்குக் கீழே மறைந்திருக்கும், வழக்கமான கட்டளைகளால் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெட்டியை அணைத்து, யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு, அது இல்லாமலே பெட்டியைத் திரும்ப இயக்குங்கள். இரவு ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்துக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.

அப்புறம் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது கொம்பியூட்டரில் இருந்து கட்டளைகளைத் தட்டிப் பெட்டியை இயக்கும் வழியாக, உள்ளே போக வேண்டும். இது ஏற்கெனவே இயக்கியிருந்தால்தான் சரிவரும், தம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர் என்பதால் பெரும்பாலும் இயக்கியிருப்பார், அவரையே பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முழு அதிகாரமும் உள்ள பயனரான ரூட் ஆக மாறி, டிஎஃப், ஓர் இடைவெளி, கழித்தல் குறி, எச் என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'எம்டி0' என்ற பெயர் உள்ள வரியில் 100 சதவீதம் என்று இருக்கும், அதுதான் சின்ன அறை. இப்போது 'வால்யூம்யூஎஸ்பி1' போல்டரைத் திறந்து பாருங்கள். யூஎஸ்பியே இல்லாத நேரத்தில் அதற்குள் உங்கள் படங்கள் இருந்தால், ஆள் அகப்பட்டார். அவற்றை அழிக்க வேண்டாம், பெரிய இடமான வால்யூம்1 இல் ஒரு புதிய போல்டருக்கு நகர்த்துங்கள், அசல் படங்கள் இருக்கின்றனவா என்று ஆறுதலாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அழிக்கலாம். கட்டளையால் அழித்ததற்கு குப்பைக்கூடை கிடையாது. பிறகு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் பிரவுசர் வழி திறந்துவிடும்.

அந்தப் போல்டர் வெறுமையாக இருந்தால் 'வார்' என்பதற்குள் இருக்கும் 'லொக்' போல்டரைப் பாருங்கள். பெருத்துப்போன லொக் கோப்பு இருந்தால் அதன் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், பெயர் மறையுமே தவிர இடம் திரும்பக் கிடைக்காது.

எஸ்எஸ்எச் இல்லை என்றால் பின்பக்கத்து ரீசெட் துளையைப் பற்றி யாராவது சொல்வார்கள். ஏறக்குறைய 4 விநாடி அழுத்தி ஒரு பீப் கேட்டதும் விட்டால் அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும்தான் மாறும், இடம் காலியாகாது. விட்ட கையோடு மறுபடி அழுத்தி மூன்று பீப் வரவிட்டால் மென்பொருளையே புதிதாக நிறுவச் சொல்லும். படங்கள் இருக்கும், அமைப்புகள் போகும். வெளி டிஸ்க்கில் கொப்பி முடிந்து, நாலு படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு சினொலஜியே தரும், கொப்பி எடுக்கும் மென்பொருளான ஹைப்பர் பேக்கப்பைப் பயன்படுத்துங்கள். தம்பிக்குத் தன் ஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்றால், யூஎஸ்பி உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை முதலில் போடச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும்படி பெட்டிக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நாஸ் பெட்டியில் இரண்டு டிஸ்க்கும் மிரரில், அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி, ஓடுகின்றன. தனியாக பேக்கப் தேவையா?
— வாசகர், கல்முனை

பதில்: தேவை. ஒரு டிஸ்க் பழுதானால் மிரர் காப்பாற்றும். நீங்கள் தவறி ஒரு போல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும், பெட்டி தண்ணீரில் மூழ்கினால் இரண்டும் மூழ்கும். கல்முனையில் இருக்கும் உங்களுக்கும் மேலே எழுதிய கல்லடித் தங்கச்சிக்கும் கடலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலை விட்டு உள்ளே, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து அவர்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள், மேல் தட்டு என்பது மாரிவெள்ளத்துக்காக. கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ போகும்போது புதிய கொப்பியை எடுத்துப்போய் மாற்றிவிட்டு வரலாம்.