ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு: தடுப்புச் செலவுக்குக் கணக்குப் போடுவது எப்படி?

கேள்வி: சார், எங்கள் ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கண்காணிக்கும் குழு அமைத்து ஓராண்டு ஆகிறது. குழுவுக்குச் செலவு 24 லட்சம், மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பில்லில் மிச்சம் 14 லட்சம். நஷ்டம்தான், கலைத்துவிடலாம் என்கிறது எங்கள் நிர்வாகம்.

பதில்: கலைக்க விடாதீர்கள். கணக்கு பாதியில் நிற்கிறது. 24-ல் 14 போக மீதி 10 லட்சம் நிகரச் செலவு. அதற்கு என்ன கிடைத்தது என்பது இன்னும் எழுதப்படவில்லை. தவிர்த்த இறப்பையும் நோய்ப்பாதிப்பையும் டாலி அலகுக்கு, அதாவது பறிபோகாமல் காத்த ஆரோக்கிய ஆண்டுகளுக்கு மாற்றுங்கள். 20 டாலி வந்தால் ஒன்றுக்கு 50,000 ரூபாய். அதே பணத்தை ஆஸ்பத்திரி வேறு எதில் போட்டால் ஒரு டாலி என்ன விலைக்கு வரும் என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டாக்டரும் மருந்தாளுநரும் ரவுண்ட்ஸில் செலவிடும் நேரத்துக்கான சம்பளம், கூடுதல் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை), பயிற்சி எல்லாம் அந்த 24 லட்சத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பலரும் விடுவது சம்பளத்தைத்தான்.

கேள்வி: எங்கள் ஐசியூவில் மருந்துக்குக் கட்டுப்படாத எதிர்ப்புக் கிருமித் தொற்று வந்தவர்கள் சராசரியாக 20 நாள் இருந்தார்கள், வராதவர்கள் 8 நாள். தொற்றால் 12 நாள் கூடுதல் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இது. தொற்று எந்த நாளில் வந்தது என்று பாருங்கள். 12-ஆம் நாளில் வந்தது என்றால், அதற்கு முந்தைய 12 நாளைத் தொற்றின் தலையில் கட்ட முடியாது. நீண்ட நாள் படுத்திருந்ததால்தான் தொற்றே வந்திருக்கலாம். 12-ஆம் நாள்வரை தொற்றில்லாமல் இருந்த நோயாளிகளை எடுத்து, அதன்பின் எத்தனை நாள் இருந்தார்கள் என்று ஒப்பிடுங்கள். தொற்றில்லாதவர்கள் 5 நாள், தொற்று வந்தவர்கள் 8 நாள் என்றால் கூடுதல் 3 நாள்தான். 12 எங்கே, 3 எங்கே!

அந்த 3 நாளையும் அப்படியே ரூபாயாக்கிவிடாதீர்கள். படுக்கை காலியானால் நர்ஸ் சம்பளமும் கரண்ட் பில்லும் குறைவதில்லை. கையில் மிஞ்சுவது மருந்து, கையுறை போன்றவற்றின் விலை மட்டுமே. படுக்கைக்காகக் காத்திருக்கும் இன்னொரு நோயாளிக்கு அது கிடைக்கும்போதுதான் அந்த நாளுக்கு முழு மதிப்பு.

கேள்வி: 2018-ஐ விட 2019-ல் எங்கள் மெரோபெனெம் பயன்பாடு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. குழுவின் வெற்றிதானே?

பதில்: முதலில் டிடிடியை, அதாவது பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று கணக்குக்காக வைக்கும் சராசரி மருந்து அளவைப் பாருங்கள். ஊசி மெரோபெனெமுக்கான நாள் அளவை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 2 கிராமிலிருந்து 3 கிராமாக உயர்த்தியது. அதே 6,000 கிராம் பழைய அளவில் 3,000 டிடிடி, புதிய அளவில் 2,000. ஒரு ஊசிகூடக் குறையாமலே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்! எல்லா ஆண்டுகளையும் 3 கிராமை வைத்தே திரும்பப் போடுங்கள். குழுவுக்கு முன், பின் என்று இரண்டு சராசரி மட்டும் போதாது. மாதவாரியாக முன்பு 12, பின்பு 12 புள்ளிகளாவது வைத்துப் போக்கைப் பாருங்கள். பயன்பாடு உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் குழுவே அமைப்பார்கள். சும்மா விட்டிருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கேள்வி: ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பால் 2019-ல் உலக அளவில் 12.7 லட்சம் இறப்பு என்று ஓரிடத்திலும், 49.5 லட்சம் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் ஒரே ஆய்வின் எண்கள்தான், கேள்விதான் வேறு. அதே தொற்று மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியால் வந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் 12.7 லட்சம். அந்தத் தொற்றே வராமல் இருந்திருந்தால் என்று கேட்டால் 49.5 லட்சம். புது மருந்தை மதிப்பிட முதல் ஒப்பீடு பொருந்தும். கைகழுவுதல், தடுப்பூசி, குடிநீர் ஆகியவை தொற்றையே நிறுத்துவதால் இரண்டாவதுதான் நியாயம்.

கேள்வி: புது ஆன்டிபயாட்டிக்கைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இங்கிலாந்து ஏன் கம்பெனிக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறது?

பதில்: கிருமி எதிர்ப்புப் பெறாமலிருக்கப் புது ஆன்டிபயாட்டிக்கைப் பூட்டி வைப்பதில்தான் நமக்கு நன்மை, விற்பதில்தான் கம்பெனிக்கு வருமானம். 2018-ல் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அமெரிக்க அனுமதி வாங்கிய அக்கேயோஜென் கம்பெனி, 2019 ஏப்ரலில் திவால் மனு போட்டது. அதனால் 2022-ல் செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் தலா ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை, விற்பனை அளவோடு தொடர்பில்லாமல் தர ஒப்பந்தம் போட்டார்கள். பிறருக்குப் பரவாமல் தடுப்பது, அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பாக்குவது, அவசரத்துக்குக் கையிருப்பாக இருப்பது என நோயாளிக்கு அப்பாற்பட்ட பயன்களையும் எடைபோட முயன்றார்கள்.

கேள்வி: கைகழுவும் திட்டம் தொற்றை 40 சதவீதம், கண்காணிப்புக் குழு 30 சதவீதம் குறைக்கும் என்று வைத்தால், சேர்த்து 70 சதவீதம் என்று போடலாமா?

பதில்: வேண்டாம். 100 தொற்றில் 40 முதலிலேயே போய்விட்டது. மீதி 60-ல் 30 சதவீதம் என்றால் 18. ஆக மொத்தம் 58. இதுவும் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காதபோதுதான். இரண்டாவது திட்டத்தின் செலவை அந்த 18-ஆல் வகுங்கள், 30-ஆல் அல்ல.