பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

நான் இத்தாலியில் டூரின் நகரில் முதுகலை படிக்கிறேன். இங்கே சனிக்கிழமை கூடும் பலோன் பழம்பொருள் சந்தையில் போர்க்காலப் புகைப்படங்கள் பதினான்கை ஐந்து யூரோவுக்கு வாங்கினேன். யார் எடுத்தது, எந்த ஊர் என்று தெரியவில்லை. மங்கலாக இருந்ததால் ஏஐ செயலியில் கொடுத்துத் தெளிவாக்கி, வண்ணமும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு படத்தில் சுவரில் பெரிதாக 'ஆர்' என்ற எழுத்தும் அம்புக்குறியும் இருக்கின்றன. ரோமைக் குறிக்கிறதோ? இன்னொன்றில் ஒரு கார், நம்பர் பிளேட்டில் 'வி ஏ'. பின்பக்கம் வெறும் பென்சில் கிறுக்கல்தான், அதனால் ஸ்கேன் செய்யவில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் படங்களை நான் வைத்திருப்பது முறையா என்ற உறுத்தலும் இருக்கிறது.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உறுத்தலை விடுங்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை உங்கள் மேஜைக்கு வந்திருக்கின்றன. பத்திரமாக வைத்திருங்கள், போதும்.

'ஆர்' ரோம் அல்ல. ரிக்கோவெரோ, அதாவது விமானத் தாக்குதலின்போது ஒதுங்கும் பதுங்கிடம். அம்பு அதற்கு வழி காட்டுகிறது. அவசர வாசலுக்கு 'யு எஸ்', தீயணைப்புக் குழாய்க்கு 'ஐ' என்று இத்தாலிய நகரங்கள் பலவற்றிலும் எழுதிவைத்தார்கள். மிலானில் சில சுவர்களில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

கார் சொல்லும். அக்கால நம்பர் பிளேட்டில் மாகாணத்துக்கு இரண்டு எழுத்து, ரோமுக்கு மட்டும் முழுப்பெயர். 'வி ஏ' என்றால் ஆல்ப்ஸ் அடிவாரத்து வரேசே. ஆனால் உங்கள் படத்தில் காருக்குப் பின்னால் தெரு படிக்கட்டாக ஏறுகிறது, குன்றின் உச்சியில் நீளமான கோட்டைச் சுவர். எனக்கு அது நேப்பிள்ஸின் சாந்தெல்மோ கோட்டை மாதிரிதான் தெரிகிறது. நேப்பிள்ஸுக்கு எழுத்து 'என் ஏ'. (மற்ற படங்களில் எதிலாவது வெசுவியஸ் எரிமலை இருக்கிறதா? அதன் உச்சியில் புகை இருந்தால் அந்தப் படம் 1944 வசந்தத்துக்கு முந்தையது. அந்த மார்ச் மாத வெடிப்போடு அது அடங்கிவிட்டது.)

அப்படியானால் 'என்' எப்படி 'வி' ஆயிற்று? தம்பி, இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மங்கலாக இருந்தவரை அந்த எழுத்து எதுவாகவும் இருக்கலாம் என்று நமக்குத் தெரிந்திருக்கும். தெளிவாக்கிய பிறகு வரேசேயைத் தவிர வேறு வழியில்லை. செயலி அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. வேறு ஆயிரம் தெருக்களைப் பார்த்த பழக்கத்தில் ஒரு தெருவை வரைந்து கொடுத்திருக்கிறது. மூன்றாம் மாடி ஜன்னல்களை உற்றுப் பாருங்கள், ஐந்தும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. குண்டு விழுந்த ஊரில் அப்படி இருக்குமா? ஒரு கதவு கீலில் தொங்கியிருக்கும், ஒரு மூலையில் காரை பெயர்ந்திருக்கும். இன்றைய தெருவில் போய் நின்று ஒப்பிட நமக்கு வேண்டியதே அந்தக் காயங்கள்தான். அவற்றை நீங்கள் பூசி மெழுகிவிட்டீர்கள். வண்ணத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இத்தாலிக்குப் போனவர். போரைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னது ஒரே கதை. 1944 பிப்ரவரி 24 அன்று, காசினோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ அருகில், கண்ணிவெடி மேல் பாய்ந்து படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றி இறந்த சுபேதார் சுப்பிரமணியனின் கதை. இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படத்தில் பெரியப்பாவும் இன்னும் இருவரும், பின்னால் ஒரு ஆறு. "ரோமாபுரி" என்று நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் ஒருநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆற்றில் கல் தூண்களின் அடிப்பகுதி, அதன்மேல் இரும்புச் சட்டங்களைக் கோத்த பெய்லி பாலம். 1944 ஆகஸ்ட் 3 இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள் ஜெர்மானியர்கள் ஃபிளாரன்ஸின் பாலங்களில் பொன்டே வெக்கியோவைத் தவிர அத்தனையையும் தகர்த்தார்கள். சாந்தா திரினிதா பாலத்தின் மிச்சத் தூண்கள்மேல் நேச நாட்டுப் படை போட்டது அந்த இரும்புப் பாலம். ஊரும் தெரிந்தது, எந்த மாதத்துக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது என்பதும் தெரிந்தது.

எனக்கு அது போதவில்லை. படம் எடுத்தவர் எங்கே நின்றார்? பிறகு ஒருமுறை ஃபிளாரன்ஸ் போனபோது பிரதியை எடுத்துக்கொண்டு அந்த ஊரின் ஆறான ஆர்னோவின் தென்கரையில் நடந்தேன். சாந்தா திரினிதாவைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டி 1958-ல் திறந்துவிட்டார்கள், அதனால் தூண்கள் எனக்கு உதவின. படத்தில் இடப்பக்கம் பாலத்தின் முனையில் ஒரு பெரிய மாளிகை, அதற்கு வலப்புறம் பலாஸ்ஸோ வெக்கியோ என்ற பழைய நகர மாளிகையின் கோபுரம், இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வானம். முன்னால் பத்தடி வைத்தால் அந்த வானம் அகன்றது, பின்னால் போனால் ஒடுங்கியது. ஒரு தூணின் விளிம்பு பொன்டே வெக்கியோவின் வளைவை எவ்வளவு மறைக்கிறது என்பது இரண்டாவது கணக்கு. இரண்டும் ஒருசேரப் பொருந்திய இடத்தில் நின்றேன். இடுப்புயரக் கல்சுவர், கையை வைத்தால் வெயிலில் சுட்டது. பெரியப்பாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் நின்ற இடம்.

அவர் யார் என்று தெரியாது. நான் பள்ளியில் படித்தபோது அந்தப் படத்தை 'நன்றாகப் பண்ணித் தருகிறேன்' என்று வாங்கிய ஒரு ஸ்டூடியோக்காரர், ஓரங்களை வெட்டி, பசை தடவி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். பின்னால் பெரியப்பாவின் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது என்று அம்மா சொல்வார். அட்டையைப் பிரிக்கப் பார்த்தேன், காகிதம் நாராக வந்தது.

உங்களிடம் பதினான்கு பின்பக்கங்கள் இருக்கின்றன. கிறுக்கல் என்கிறீர்கள்! பிரதி போட்ட கடையின் எண் இருக்கலாம், அதை வைத்து எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தலாம். காகித நிறுவனத்தின் அச்சு இருக்கலாம். ஃபெர்ரானியா என்றால் இத்தாலியத் தாள், அக்ஃபா லூபெக்ஸ் என்றால் ஜெர்மன் தாள்.

செயலியில் போடாத மூலங்களையும் பின்பக்கங்களையும் அனுப்புங்கள். பென்சில் மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் மேஜையோடு மேஜையாகத் தாழ்த்தி வைத்துப் படமெடுங்கள், அழுத்தி எழுதிய பள்ளம் நிழலாக எழும்பும். அந்தக் கார் படத்தை முதலில் எடுங்கள்.