சி.ஏ. இன்டர்: 62, 41, 44 எடுத்தும் குரூப் 1 ஃபெயில் ஏன்?

சி.ஏ. (ஆடிட்டர் படிப்பு) இன்டர் தேர்வின் குரூப் 1-ல் அட்வான்ஸ்டு அக்கவுன்டிங் 62, லா 41, டாக்ஸ் 44 எடுத்தும் ஃபெயில், மூன்றையும் திரும்ப எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று தாளையும் திரும்ப எழுத வேண்டாம். அட்வான்ஸ்டு அக்கவுன்டிங்கில் 62 இருப்பதால் அதற்கு எக்ஸம்ப்ஷன் (திரும்ப எழுதுவதிலிருந்து விலக்கு) உண்டு. லா, டாக்ஸ் மட்டும் எழுதினால் போதும்.

ஒவ்வொரு தாளிலும் 40 தாண்டிவிட்டீர்கள். ஆனால் குரூப் மொத்தம் 300க்கு 150 வேண்டும், உங்களுக்கு 147. அந்த 62 அடுத்த முறையும் கூட்டலில் சேரும். ஆகவே இரண்டு தாளிலும் தலா 40 குறையாமல், சேர்த்து 88 எடுக்க வேண்டும்.

லாவில் 41 என்றால், பெரும்பாலும் விடை தெரிந்தும் எழுதும் முறையில்தான் மார்க் போயிருக்கும். நானும் அப்படித்தான் இழந்தேன்: "இந்த நியமனம் செல்லாது" என்று முதல் வரியிலேயே முடித்துவிடுவேன். சரியான வரிசை இதுதான்: முதலில் சட்டம் சொல்வது, அடுத்து கேள்வியில் உள்ள நிலைமை, கடைசியில்தான் முடிவு. பழைய கேள்விகள் பத்தை இப்படி எழுதி, தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் வெளியிடும் சஜஸ்டட் ஆன்ஸரோடு (மாதிரி விடை) வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்ஸில் 30 மார்க் எம்.சி.க்யூ (விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்), நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன விதிகளோடு இந்த எக்ஸம்ப்ஷன் அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு மட்டுமே. நீங்கள் எழுதாமல் விட்டாலும் அது கணக்கில் போய்விடும். தள்ளிப்போடாதீர்கள். டாக்ஸுக்கு உங்கள் அட்டெம்ப்டுக்குப் பொருந்தும் ஃபைனான்ஸ் ஆக்ட் (ஆண்டுதோறும் வரி விதிகளை மாற்றும் சட்டம்) எது என்று பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.