எதாப்ல் போகிறீர்களா? கல்லறை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: லண்டனிலிருந்து காரில் பாரிஸ் போகிறோம். வழியில் வடக்கு பிரான்ஸில் உள்ள எதாப்ல் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இறங்கி, தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைப் படமெடுத்து வரும்படி தோழி கேட்டிருக்கிறாள். எப்படித் தேடுவது? அங்கே சண்டையே நடக்கவில்லையாமே, அப்புறம் எப்படிப் பத்தாயிரம் கல்லறைகள்?

பதில்: இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன், அது புரிந்தால் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி. முதல் உலகப் போரில் எதாப்ல் போர்முனை இல்லை, அதற்குப் பின்னால் இருந்த பிரிட்டிஷ் படையின் தளமுகாம். எதிரியின் பீரங்கிக்கு எட்டாத தூரம், பக்கத்தில் கடல், வடக்கு தெற்கு இரு பக்கத்துப் போர்முனைக்கும் ரயில் பாதை. முகாமுக்கு வேறென்ன வேண்டும்? 1917-இல் அந்த மணல்மேடுகளில் ஒரு லட்சம் பேர் தங்கியிருந்தார்கள். மருத்துவமனைகள் மட்டும் சேர்ந்து 22,000 பேரைக் கவனிக்கும் அளவுக்கு இருந்தன. அடிபட்டவர்கள் ரயிலில் வந்தார்கள், பிழைக்காதவர்களை அங்கேயே புதைத்தார்கள். காயம் மட்டும் இல்லை, நோயில் போனவர்களும் நிறைய. 1918 மே மாதம் விமானக் குண்டும் விழுந்தது, அதில் கனடா நாட்டுச் செவிலியர் மூவர் உயிரிழந்தார்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், கட்டிலில் இறந்தவருக்குப் பெயரும் தேதியும் இருக்கும். எதாப்லில் உள்ள 10,771 முதல் உலகப் போர்க் கல்லறைகளில் அடையாளம் தெரியாதவை வெறும் 35. ஆனால் போர்முனையிலேயே அமைந்த, பெல்ஜியத்தின் டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் கல்லறைகளில் எட்டாயிரத்துக்கு மேல் பெயரில்லாதவை. அதனால் உங்கள் தோழியின் கொள்ளுத்தாத்தா அங்கே இருக்கிறார் என்றால் பெயரோடுதான் இருப்பார்.

சரி, தேடுவது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் கிளம்பும் முன்பே பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள், ஆகவே படைப்பிரிவும் படை எண்ணும் தோழியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லறைக் குறிப்பு மூன்று துண்டாக இருக்கும்: ரோமன் எண் பகுதியைக் குறிக்கும், எழுத்து வரிசையை, கடைசி எண் கல்லறையை. இது இல்லாமல் போனால், சொல்கிறேன், ஒரு மதியம் முழுக்க நடக்க வேண்டியதுதான்.

தோட்டம் ஊருக்கு வடக்கே, பூலோன் போகும் சாலையின் மேற்குப் பக்கம். கட்டணம் கிடையாது. சாலையிலிருந்து பார்த்தால் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த இரண்டு வளைவு மண்டபங்கள்தான் தெரியும், கல்லிலேயே செதுக்கிய கொடிச்சீலைகளோடு. அந்த மண்டபங்கள் நிற்கும் மேடையின் விளிம்புக்கு வந்து நின்றதும்தான் கீழே சரிவு முழுக்க வெள்ளைக் கற்கள் கழிமுகத்தை நோக்கி இறங்குவது தெரியும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவீர்கள், அதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். 1922-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கே வந்தபோது, ஒரு தாய் அரசிக்கு அனுப்பியிருந்த சின்னப் பூங்கொத்தை, அந்தத் தாயின் மகனுடைய கல்லறையைத் தேடிப்போய் மன்னர் வைத்தார்.

படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல் 81 சென்டிமீட்டர் உயரம்தான், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. குடும்பத்தார் எழுதித் தந்த வரி இருந்தால் கல்லின் முகப்பில் அடிப்பகுதியில் இருக்கும், அதிகபட்சம் 66 எழுத்து. பூச்செடி அதை மறைத்துக்கொண்டிருக்கும், ஒடிக்காமல் கையால் மெதுவாக ஒதுக்கிவிட்டு எடுங்கள். பலர் இதைத் தவறவிட்டு வீட்டுக்கு வந்து நொந்துகொள்கிறார்கள். நியூசிலாந்து வீரர்களின் கல்லில் அந்த வரி இருக்காது, அந்த அரசு அதை அனுமதிக்கவில்லை.

1917 செப்டம்பரில் இந்த முகாமில் நடந்த கலகத்தைப் படித்துவிட்டு, அதற்காக மரண தண்டனை பெற்றுச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் வீரர் ஜெஸ்ஸி ஷார்ட்டின் கல்லறையை இங்கே தேடுகிறவர்களும் உண்டு. அவர் இருப்பது பூலோனின் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில்.

போகிற போக்கில் நம் ஊர்ப் பெயர்களையும் பார்க்கலாம் என்று நினைத்தால், அதற்கு வடக்கு பிரான்ஸிலேயே உள்ள நவ் ஷாப்பெல் இந்தியப் போர் நினைவிடம்தான் சரி. மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அதை எதாப்ல் பயணத்திலேயே திணிக்காதீர்கள், தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.