வாசகர் கேள்வி பதில்: புதுநன்மையும் சட்டைப் பொத்தானும்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, டவுன் சிண்ட்ரோம். சிஸ்டர்கள் நடத்தும் சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். பரலோக மந்திரம்கூட முழுசாகச் சொல்ல வராது. “அவனுக்கு என்ன புரியும், புதுநன்மை எதற்கு?” என்கிறார் எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர். அவர் சொல்வது சரியா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. மனப்பாடம் புதுநன்மைக்கு, அதாவது பூசையில் இயேசுவின் உடலாகத் தரப்படும் நற்கருணை அப்பத்தை முதன்முறை வாங்குவதற்கு, நிபந்தனையே அல்ல. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 913 பிள்ளைகளிடம் கேட்பது, அவரவர் திறனுக்கு ஏற்ற புரிதலும் கவனமான தயாரிப்பும்தான். நற்கருணை அப்பம் வேறு, சாதாரண அப்பம் வேறு என்று பிரித்தறிவதே அடிப்படை என்பதைத் திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இலேயே தெளிவாக்கிவிட்டார். அந்த அறிவை வாயால் சொல்லித்தான் காட்ட வேண்டும் என்பதில்லை, சைகையோ பயபக்தியான மௌனமோ போதும் என்று அமெரிக்க ஆயர்களின் 1995-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் சட்டம் 777-ஐயும் எடுத்துச் சொல்லுங்கள். உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கு இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வது அவர் கடமை.

இனி தயாரிப்பு. பெரும்பாலும் சிக்கல் வருவது விசுவாசத்தில் இல்லை, வாயில். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பலருக்கு அண்ணம் குறுகலாக இருக்கும், நாக்கின் தசையும் தளர்ந்திருக்கும். காய்ந்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் துப்பிவிடுவார்கள். பார்ப்பவர்கள் அதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள். எனவே நான்கைந்து மாதம் முன்பே, வசீகரம் செய்யப்படாத, அதாவது பூசையில் குருவானவர் இன்னும் அர்ச்சிக்காத அப்பத்தைக் கால் துண்டாக உடைத்துக் கொடுத்துப் பழக்குங்கள். பிறகு அரைத் துண்டு, அப்புறம் முழுசு. முதலில் ஒரு மிடறு தண்ணீர், பிறகு அப்பம். கால் துண்டுக்கு மேல் முடியவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், சின்னத் துண்டும் முழு நற்கருணைதான். திடப்பொருளே விழுங்க முடியாத பிள்ளைக்கு நற்கருணைத் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கச் சட்டம் 925 இடம் தருகிறது. ஆனால் அதைக் குருவானவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். பிஸ்கட்டோடு பிஸ்கட்டாகிவிடும். ஆளில்லாத வார நாளில் கோயிலுக்கே கூட்டிப்போய், வரிசையில் நிற்பது, கை குவிப்பது, ‘ஆமென்’ சொல்வது அல்லது தலையசைப்பது, இடத்துக்குத் திரும்புவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். புதுநன்மை நாளில் ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார வேண்டாம். புது வெள்ளைச் சட்டையையும் ஷூவையும் முன்பே இரண்டு மூன்று முறை துவைத்தும் போட்டும் பழக்கிவிடுங்கள். கஞ்சி போட்ட காலர் கழுத்தில் உரசி, பூசை முழுக்க அழுகையாகப் போவதுண்டு.

கேள்வி: மகளின் சிறப்புப் பள்ளியில் நாள் முழுக்கச் சட்டை மாட்டுவது, தட்டு கழுவுவது, கடைக்குப் போவது என்றே போகிறது. எழுத்து, கணக்கு எப்போது வரும்?
– ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: அதுதான் எழுத்தும் கணக்கும். கடைக்குப் போகிற பிள்ளை பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வேறுபாடு கற்கிறது, பஸ் பலகையில் ஊர்ப் பெயரைப் படிக்கிறது.

பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். துளையைக் கண்டுபிடி, பொத்தான் விளிம்பைப் பிடி, பாதி நுழை, மறுபக்கம் பிடி, இழு. கடைசிப் படியை முதலில் சொல்லித்தருவதே நல்லது. மற்றதை நீங்கள் செய்துவிட்டு ‘இழு’ என்பதை மட்டும் மகளிடம் விடுங்கள். வேலையை முடித்தது தானே என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடும். அது நன்றாக வந்தபின் அதற்கு முந்தைய படி. ஒரு முறை சொல்லிவிட்டுப் பத்து வினாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இங்கேதான் பெரியவர்கள் தோற்கிறோம். பெரிய பொத்தான், தளர்ந்த துளை, சட்டையை மேசைமேல் விரித்து வைத்துத் தொடக்கம். பள்ளியில் வருவது வீட்டில் வராததற்குப் பெரும்பாலும் காரணம், காலையில் வேன் ஹாரன் அடித்ததும் அம்மாவே மாட்டிவிடுவதுதான். மாலையில் உடை மாற்றும்போது பழக்குங்கள், அவசரம் இருக்காது.

மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை தைராய்டும் காதும் பரிசோதியுங்கள். காது மந்தமானதை ‘மந்த புத்தி’ என்று கணக்கெழுதி ஆண்டுகளை வீணாக்கிய குடும்பங்கள் அனேகம்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தால் செபத்தில் கட்டாயமாக உட்கார வைப்பார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது, அரசியல் சாசனம் பிரிவு 28(3). சேர்க்கும்போதே உங்கள் விருப்பத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: செபம் நடக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் பிள்ளை என்ன செய்யும்? உட்காருவதையும் காத்திருப்பதையும் பழக்கும் நேரம் அது. வராந்தாவில் ஆயாவோடு சும்மா நிற்க வைப்போம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பாட்டோ பட அட்டையோ வைத்து வேறு வேலை தரச் சொல்லுங்கள்.