கிணற்றில் எண்ணெய்ப் படலம்: கீழே மசகு எண்ணெய் இருக்குமா?

கேள்வி: செங்கலடியில் எங்கள் வளவுக் கொட்டுக் கிணற்றில் காலையில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. நிலத்தடியில் எண்ணெய் ஊறுவதாக அயலவர்கள் சொல்கிறார்கள். தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: மசகு எண்ணெய், அதாவது நிலத்தடியில் கிடைக்கும் சுத்திகரிக்காத எண்ணெய், ஊற அங்கே வழியில்லை. ஒட்சிசன் எட்டாத கடலடிச் சேற்றில் புதைந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் 2 முதல் 4 கிலோமீற்றர் ஆழத்தில், 60 முதல் 120 பாகை வெப்பத்தில், பல மில்லியன் ஆண்டுகள் கிடந்தே எண்ணெயாகின்றன. 150 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் வாயுதான். உங்கள் மட்டக்களப்பு மணலுக்கும் களிக்கும் அடியிலிருப்பதோ, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே 600 பாகைக்கு மேல் வெந்துபோன பாறை. வாவியின் கருஞ்சேறு எண்ணெய்க்கு நல்ல மூலப்பொருள்தான். ஆனால் அதன்மேல் கிலோமீற்றர் கணக்கில் படிவு ஏறவேண்டும். அப்படித் தடித்த படிவு மன்னார்ப் படுகையில் உண்டு. 2011 இல் அங்கே இயற்கை வாயு கண்டார்கள்.

தண்ணீர் அள்ளுமுன் நீண்ட கம்பால் படலத்தைக் கீறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து, திரும்ப ஒட்டாமல் நின்றால் அது இரும்புப் பக்றீரியா. கொட்டின் உட்பக்கத்தில் செம்மஞ்சள் வழுவழுப்பும் இருக்கும். நோய் தராது; நாற்றமும் கறையும்தான் தொல்லை. கிணற்றை இறைத்து, கொட்டுகளைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர் ஊறியதும் 70 வீதக் குளோரின் தூளை வாளியில் கரைத்து, சுவரெல்லாம் படும்படி ஊற்றுங்கள். 4 அடி விட்டமும் 6 அடித் தண்ணீரும் என்றால் ஏறக்குறைய 2,100 லீற்றர். அதற்கு 150 கிராம் போதும். 12 மணி நேரம் விட்டு, மணம் போகும்வரை இறைத்து ஊற்றுங்கள். நிலத்தடி நீரில் இரும்பு இருக்கும்வரை பக்றீரியா திரும்ப வரும், அதனால் இந்த வேலையை இடைக்கிடை செய்யவேண்டும்.

கீறிய இடம் உடனே கூடி, நிறங்கள் சுழன்றால் அது எண்ணெய். மசகு எண்ணெயைச் சூடாக்கிப் பிரித்தெடுத்த பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில் இவற்றில் ஒன்று மேலிருந்து கசிந்திருக்கும். நீர் இறைக்கும் மெசினைக் கிணற்றுக் கட்டில் வைத்து எண்ணெய் ஊற்றுவதுதான் வழமையான காரணம். குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் எண்ணெய் போகாது. பெற்றோலிலுள்ள பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. மெசினை அப்பால் மாற்றி, எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி அகற்றுங்கள். கழுவிய கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நீர் நிரப்பி, பரிசோதனைக்கு எங்கே கொடுப்பதென்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.