எடை குறையாவிட்டால் உணவு மாற்றம் வீணா?

மெட்டபாலிக் சிண்ட்ரோம் (பெருத்த இடுப்பு, உயர்ந்த சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்த நிலை) என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக நார்டிக் முறையில், அதாவது வட ஐரோப்பிய நாடுகளின் உணவு முறையில், சாப்பிட்டும் எடை இறங்கவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம்.

2013-இல் வெளியான 'சிஸ்டயட்' ஆய்வு ஏறக்குறைய உங்கள் கேள்வியையே சோதித்தது. பங்கேற்றவர்களுக்கும் இதே பிரச்சினைதான். முழுத்தானிய ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்), பார்லி, ஓட்ஸ், பெர்ரிப் பழங்கள், கனோலா எண்ணெய், வாரம் மூன்று வேளை மீன் என்று சாப்பிட்டார்கள். எடை மாறாதபடி வேண்டுமென்றே பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் 18 முதல் 24 வாரங்களில் இரத்தக் கொழுப்பு சீரடைந்தது. அழற்சியைக் காட்டும் ஓர் அளவீடும் ஒப்பீட்டுக் குழுவைவிட நன்றாக இருந்தது.

ஆனால் இன்சுலின் உணர்திறனும் (சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்கு உடல் எவ்வளவு நன்றாக இணங்குகிறது என்பது) இரத்த அழுத்தமும் அசையவில்லை. இந்த உணவைப் புகழ்பவர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை! உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்து 112 ஆக இருப்பதால், இடுப்புச் சுற்றளவும் குறைந்தாக வேண்டும். அதற்குச் சாப்பாட்டின் அளவைக் குறைப்பதும் தினசரி நடையும் தேவை.

இன்னொன்று: நீங்கள் வாங்கும் 'ரை ரொட்டி'யின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் கோதுமை மாவு முதலிலும் ரை பின்னாலும் இருந்தால், நீங்கள் சாப்பிடுவது பெரும்பாலும் பழுப்பு நிறம் ஏறிய வெள்ளை ரொட்டிதான். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.